நாலு குரல், ஒரு காது

ஆடி மாசத்து மத்தியானத்தில் உக்கடத்துக் காற்று ஒரு தினுசாக இருக்கும். பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்பி, வழியில் அகப்பட்ட சாரலையும் கூட்டிக்கொண்டு, பெரியகுளத்துத் தண்ணியை ஒரு தடவு தடவிவிட்டு நம்ம சந்துக்குள் நுழையும். அந்தக் காற்றோடு காற்றாகத்தான் அந்த வண்டி வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் கடை வாசல் முழுக்க நீலம்.

கண்ணுகளா, நீங்கள் அப்போது ரொம்பச் சின்னவர்கள். அப்பா கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறவன், அம்மா அதே கடையில் சீட் கவர் தைக்கிறவள் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த நீல வண்டியைப் பற்றி நான் சொன்னதில்லை. நான் தப்புச் செய்த சங்கதி அது. அதனாலேயே தள்ளிப் போட்டிருப்பேன்.

ஜெர்மனியில் செய்த பெரிய வண்டி. இருபது வருசத்துக்கு மேல் ஓடியிருந்தும் அழுக்கு ஒட்டாத பவுசு. ஓட்டி வந்தது ஒரு அம்மா. அறுபத்தைந்து வயசிருக்கும், நூல் சேலை, கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. பக்கத்து சீட்டில் அவருடைய வீட்டுக்காரர். பீளமேட்டுப் பக்கம் பம்பு செட்டுக்கு உதிரிகள் செய்கிற பட்டறை நடத்தி, மகன் கையில் விட்டுவிட்டு ஓய்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கோயிலில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலை.

"ஏனுங்க தம்பி, வண்டில பாட்டு நின்னுபோச்சுங்க," என்றார் பெரியவர். "சரி பண்ணி, முந்தியவிடக் கொஞ்சம் நல்லதாவும் போட்டுக் குடுக்கோணுங்க."

காகித உறையில் இருந்து ஒரு சிடியை எடுத்துக் கொடுத்தார். "எங்க கோயில் கிறிஸ்மஸ் பாட்டுங்க. நாங்களே பாடிப் பதிவு பண்ணுனது. இது நல்லாக் கேட்டாப் போதுமுங்க."

அவர் சொல்லாமல் விட்டதை உங்களுக்கு நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டறைச் சத்தத்தில் அவருக்கு வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதும் மெள்ள மெள்ளப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். தான் நடத்திய குழு பாடியதை, ஆண்களில் ரெண்டு, பெண்களில் ரெண்டு என்று நாலு குரலும் சேர்ந்து, ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஆசை. வீட்டில் பேரப்பிள்ளைகள், டிவி, மிக்ஸி. கதவைச் சாத்தினால் ஊரே இல்லாமல் போகிற இடம் அவருக்கு அந்த வண்டி ஒன்றுதான். இதில் ஒரு வார்த்தைகூட அவர் அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உள்ளே தோல் சீட்டு. என் ஸ்குரு டிரைவர் பட்டுக் கீறிவிடக் கூடாது என்று, சென்னிமலைப் போர்வை நாலை விரித்துப் போட்டு உங்கள் அம்மாதான் மூடிக் கொடுத்தாள். டிக்கியில் தரைப்பாயைத் தூக்கினேன். இடது ஓரத்துக் குழியில் மழைத்தண்ணி தேங்கி, அதில் ஆம்ப்ளிபையர் முழுகிக் கிடந்தது. பச்சை பூத்து, குளத்தில் எடுத்த பாத்திரம் மாதிரி. பாட்டுக்குப் பலம் கொடுக்கிற பெட்டியே செத்துப் போயிருந்தால் பாட்டு எங்கிருந்து வரும்? கதவுகளைப் பிரித்தேன். ஸ்பீக்கர் என்பது வேறொன்றுமில்லை கண்ணுகளா, நடுங்குகிற ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைச் சுற்றி ஒரு பஞ்சு விளிம்பு இருக்கும், அதுதான் காகிதத்தை ஆடவிடும். தொட்டேன். பழைய முறுக்காட்டம் விரலோடு நொறுங்கி விழுந்தது.

எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த நல்லதைப் போட்டேன். எனக்குத் தெரிந்த நல்லது என்ன? நம்ம ஊரில் வருகிற பையன்கள் எல்லாரும் கேட்கிறது ஒன்றுதான்: "அடி பத்தலீங்ணா." அடி என்றால் நெஞ்சுக்குள் விழுகிற சத்தம். ஆக டிக்கியில் அந்த அடியைக் கொடுக்கிற பெரிய ஊஃபர் பெட்டி, புது ஆம்ப்ளிபையர், கதவுக்குக் கதவு புது ஸ்பீக்கர். கடைசியில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, சத்தத்தைச் சீர் பண்ணினேன். எந்த ஸ்பீக்கரின் சத்தமும் ஓட்டுகிறவன் காதில் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். அதற்காக ஒன்றைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கணும், இன்னொன்றைத் தணிக்கணும். வெளியே சாரல் கண்ணாடியில் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. மேம்பாலத்தில் பஸ்கள் மீன் மாதிரி நழுவிக்கொண்டிருந்தன. கண் சொக்கியது. தூங்கினேனா முழித்திருந்தேனா தெரியாது. பாட்டுக்குள் நானே உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு நிலை. கண் விழித்தபோது, இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை என்று தோன்றியது.

அவர்கள் வந்தார்கள். சிடியைப் போட்டேன். பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"எப்படிங்க சார்?"

"நல்லாருக்குங்க தம்பி. ரொம்ப நல்லாருக்குங்க."

அந்த அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் நீல வண்டி மறுபடி வந்தது. டிக்கியில் சின்ன லைட் எரியவில்லை என்றார் பெரியவர். மாற்றிக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்தேன். "பாட்டு எப்படிங்க?" "நல்லாருக்குங்க." பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. வைப்பர் கீச்சு கீச்சென்கிறது என்றார். நான் வைப்பர் பார்க்கிறவன் இல்லை, இருந்தாலும் துடைத்துக் கொடுத்தேன். டீ. "நல்லாருக்குங்க." மூணாம் தடவை வந்து, வண்டிக் கடிகாரம் பத்து நிமிசம் பின்தங்கி ஓடுகிறது என்றார்.

நான் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா தையல் மிசினை நிறுத்திவிட்டு என்னைக் கடைக்குள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கடிகாரத்தத் திருப்பறதுக்கா அவரு அத்தன தூரத்திலிருந்து வாராரு?"

"வயசானவரு. வாராரு, போறாரு."

"கொஞ்சமாச்சும் புத்தி வேண்டாமா? மூணு வாட்டியும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். அந்தப் பாட்டு டப்பா அணைஞ்சேதான் கிடக்குது. ஏதோ சொல்ல வாராரு. நீங்க டீய வாங்கிக் குடுத்து வாயடைச்சு அனுப்பிப்போடறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நம்ம பக்கத்து மரியாதை அப்படி. ஒருத்தர் செய்த வேலையை முகத்துக்கு நேராக நல்லா இல்லை என்று சொல்லிவிட மாட்டார்கள், அதற்குப் பதிலாக நாலு தடவை வந்துகூடப் போவார்கள். கேட்கிறவனும் நோண்டிக் கேட்க மாட்டான், கேட்டால் மரியாதைக் குறைச்சல் என்று நினைத்துக்கொள்வான். இரண்டு மரியாதைக்கும் நடுவில் அவருடைய நாள் ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் அம்மா என்னை நம்பி விடவில்லை. நேராக வண்டியிடம் போய், ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏனுங்கம்மா, நெசத்தச் சொல்லுங்க. பாட்டு எப்படி இருக்குது?"

அந்த அம்மா ஒரு தடவை வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உள்ளுக்குள்ள ஆறு ஆனை நடக்கற மாதிரி இருக்குது கண்ணு," என்றார். "மூணாவது ஆனை என்ற சீட்டுக்கடியிலதான் நிக்குது."

உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். பெரியவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தம்பி ஆசையாச் செஞ்சாருங்க. மனசு நோகுமேன்னுதான்..." என்று இழுத்தார். அப்புறம்தான், தன் இடது பக்கம் என்னை வந்து நிற்கச் சொல்லிவிட்டு, காதைப் பற்றிச் சொன்னார். பதிவு பண்ணின காலத்திலேயே வலது காது இல்லை. அப்போது அது குழுவில் ஒருத்தருக்கும் தெரியாது.

"எனக்கு முன்னால இடது பக்கம் ஆம்பளைங்க, வலது பக்கம் பொம்பளைங்க நிப்பாங்க. வலது பக்கத்துல என்ன நடக்குதுன்னு அவங்க வாயப் பாத்துத்தானுங்க கை அசைச்சேன். நடத்துனதே அரைக் குழுவத்தானுங்க தம்பி."

நான் அன்றைக்கே ஊஃபர் பெட்டியைக் கழற்றினேன். ஓரமாகப் போட்டு வைத்திருந்த பழைய ஸ்பீக்கர்களை எடுத்துத் தூசி தட்டினேன். காகிதம் நன்றாகவே இருந்தது, போனது விளிம்பு மட்டும்தான். ஒவ்வொன்றையும் சுரண்டி, புது விளிம்பு வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். புது ஆம்ப்ளிபையரை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதைப் பழைய இடத்தில் மாட்டினேன். மனுசக் குரலுக்காகவே செய்த ஸ்பீக்கர் போல, பேச்சு அவ்வளவு தெளிவு.

அவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். இந்தத் தடவை மரியாதை பார்க்கவில்லை அவர்.

"ஆம்பளைங்க பாடறாங்க. பொம்பளைங்க பக்கத்து வீதில பாடற மாதிரி இருக்குதுங்க."

"அப்ப நீங்க ஸ்டியரிங் பக்கம் உக்காந்து பாருங்க சார்," என்றேன்.

"அது அவங்க சீட்டுங்க தம்பி," என்றார். அந்த அம்மாவோ வண்டியை விட்டு இறங்கவும் இல்லை.

அவர்களைக் கடைக்குள் டீ குடிக்க அனுப்பிவிட்டு வலது கதவுக்குப் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். பதிவில் வலது பக்கம் நின்ற பெண்களின் குரல் அதில் தேன் மாதிரி வந்துகொண்டிருந்தது. ஒயரில் கோளாறு இல்லை, ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. அவரால் அதை ஏன் கேட்க முடியவில்லை? மறுநாள் வண்டியைக் கேட்டு வாங்கி, அவர் உட்காருகிற சீட்டிலேயே போய் உட்கார்ந்தேன். உங்கள் அம்மா வைத்திருந்த சீட் கவர் பஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி, உருட்டி, என் வலது காதில் அடைத்துக்கொண்டேன்.

அந்த மத்தியானம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. குளத்துக் கொக்கு கத்தினாலும், சந்தில் சைக்கிள் மணி அடித்தாலும் எல்லாம் இடது பக்கமிருந்தே வந்தது. வலது பக்கம் வெறும் பஞ்சு. அங்கே ஊர் இருந்தது, சத்தம் இல்லை. கனவில் ஒரு ஆள் நம்மிடம் பேசுவார், வாய் அசையும், ஒன்றும் கேட்காது, அப்படி. பாட்டைப் போட்டேன். ஆண்கள் வந்தார்கள். பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இந்த மனுசன் இப்படித்தான் இத்தனை வருசமும் இருந்திருக்கிறாரா? ஓட்டுகிற சீட்டில் அந்த அம்மா பேசுவதெல்லாம் இந்தப் பஞ்சுக்குள்தான் போய் விழுகிறதா? கண்ணில் தண்ணி வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஆனால் செய்ய என் கை வரவில்லை. இடது பாட்டு இடது பக்கம், வலது பாட்டு வலது பக்கம், ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழிலுக்கே பெருமை. அதற்காகத்தான் ஆட்கள் நம்மிடம் வருகிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்குவது, நன்றாக வெந்த சோற்றையும் குழம்பையும் தண்ணி ஊற்றிக் கரைக்கிற மாதிரி. இன்னொரு கடைக்காரன் பார்த்தால் சிரிப்பான். சிரிக்கட்டும் என்று கலக்கினேன். இடதும் வலதும் சேர்ந்து, நாலு கதவிலும் நாலு குரலும் வருகிற மாதிரி ஆக்கினேன். அவருடைய காதுப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கி, எந்தச் சத்தம் அவருக்குக் குறைகிறதோ அதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். எனக்கு அது கூச்சலாக இருந்தது. எனக்காகவா செய்கிறேன்?

சனிக்கிழமை வந்தார்கள். அந்த அம்மா ஸ்டியரிங்கில், அவர் இடது பக்கம், நான் பின்னால். கதவைச் சாத்திப் பாட்டைப் போட்டேன்.

முதல் சரணத்தில் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ரெண்டாவதில் கையை முழங்காலில் இருந்து எடுத்தார். பெண்கள் குரல் மேலே ஏறியபோது அவர் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார், அங்கே யாரோ வந்து நிற்கிற மாதிரி. நான் வெளியே பார்த்தேன்.

மூணாம் சரணத்தில் திடுக்கென்று கையைத் தூக்கினார். "நிறுத்துங்க தம்பி. கொஞ்சம் பின்னால போங்க."

போட்டேன்.

"இங்க பாருங்க. பொம்பளைங்கள்ல ரெண்டாங் குரல்ல ஒருத்தங்க முந்திப் போறாங்க. ஒரு தட்டு முன்னாலயே எடுத்துப்போடறாங்க. யாரது?"

அந்த அம்மா நிமிர்ந்து கண்ணாடிக்கு வெளியே குளத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய இடது காதுப் பக்கம் எட்டிக் குனிந்து, "இத்தன வருசம் தெரியாமத்தான இருந்துச்சு?" என்றார். "நாந்தானுங்க."

"நீயா!"

"பயத்துல எடுத்துப்போட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு ஒரு வாரம் காத்துக் கெடந்தேன். ஒண்ணுமே சொல்லல. பெரிய மனசுன்னு நெனச்சுக்கிட்டேன்."

பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. இருமி முடித்து, "மறுபடி போடுங்க," என்றார். போட்டேன். அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையின் ஒரு விரலை மனைவிக்கு நேராக நீட்டி நிறுத்திக்கொண்டார்: இரு, இன்னும் இல்லை, இரு. அதற்குள் குரல் முந்திக்கொண்டு போய்விட்டது. "போச்சு!" என்றார். மறுபடி. விரல். இரு, இரு. மறுபடியும் முந்திப் போய்விட்டது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. விரலை நீட்டியபடி அவர் அந்த இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.