வேலிக்குழியில் கிடைத்த சிப்பிகள்

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், எங்கள் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். குழி தோண்டியவர் ஒல்லியான மனிதர். நான் மண் சுமந்தேன். களிமண்ணில் வரும் சிப்பிகளைக் கழுவி, குழியோரம் வரிசையாக வைப்பார்.

"கடல் தூரத்துல கோலசிலாங்கூர்லதானே இருக்கு. இது எப்படிண்ணே இங்க?"

"முன்னாடி இங்கதான் இருந்திருக்கும், தங்கச்சி. நம்மள மாதிரி அதையும் எடம் மாத்திட்டாங்க லா," என்று சிரித்தார்.

மறுநாள் அந்தச் சிப்பிகள் போலீஸ்காரர் கண்ணில் பட்டன. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு கொடுப்பது அப்போது பெருங்குற்றம்.

"காட்டுக்காரனுக்குக் கெராங் சிப்பி அவிச்சுப் போட்டியாடா?"

"மண்ணுக்குள்ள இருந்துச்சுங்க, சார்."

"மண்ணுல கெராங் வெளையுதோ?"

அவரை லோரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

வேறொருவர் தோண்டினார். எல்லாக் குழியிலும் சிப்பி வந்தது. மண்ணோடு சேர்த்து அள்ளிக் கொட்டினேன். கழுவாத சிப்பிக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.