சனிக்கிழமைக் காலையின் ரோஸ் பற்கள்

சூடான நெய்யில் கிராம்பு வெடிக்கும் வாசனை வந்தால் போதும், என் நாக்கு தானாக மேல்வரிசை முன்பல்லைத் தேடிப் போய்விடும். சமையலறையில் மனைவி நெய்ச்சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, இருக்கிறதா, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாசனை அத்தோடு என்னை விடாது. ஸ்கூடாய் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடிக்கு இழுத்துக்கொண்டு போகும்.

அந்தப் பல் அப்போது ஆடிக்கொண்டிருந்தது.

கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்துப் பேசுவது என் தொழில். மணமக்களை மேடைக்கு அழைப்பேன், மாமன்மாரை அழைப்பேன், கேக் வெட்டச் சொல்வேன், சாப்பாடு தாமதமானால் ஏதாவது சொல்லி ஐந்நூறு பேரின் பசியைத் தள்ளிவைப்பேன். ‘வருக, வருக’ என்று சொல்லும்போதெல்லாம் முன்பல் கீழுதட்டில் பட்டு அசையும். மேடைக்காரன் வேறு எந்தச் சொல்லை விட்டாலும் அந்தச் சொல்லை விட முடியுமா? ஒருநாள் பல் மைக்கின் மேல் விழுந்து, அந்தச் சத்தம் மண்டபத்து ஸ்பீக்கர்களில் எல்லாம் ‘டொக்’ என்று கேட்பதாகக் கனவு கண்டேன். அதன் பிறகு பல் ஆடுவது யாருக்கும் தெரியாதபடி மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடிக்க ஆரம்பித்தேன். பேச்சு தெளிவாக இல்லை என்று வீடியோக்காரர் முணுமுணுத்தார்.

பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் பல் டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்குகிறவர். அவருக்கு வேறு வேலை இருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. என் வயதில் அப்பாவுக்கு மேல்வரிசை மொத்தமும் போயிருந்தது. அதனால் டாக்டரிடம் போகாமல் கிராம்பிடம் போனேன். காலையில் ஒன்று, மேடை ஏறும் முன் ஒன்று, ஈறோரம் ஒதுக்கிக்கொள்வேன்.

“நீங்க கல்யாணத்துல பேசுற ஆளா, இல்ல பிரியாணிச் சட்டியா?” என்றாள் மனைவி. அவளே ஃபோன் போட்டு நாள் வாங்கினாள்.

அந்தக் கடைவீட்டு மாடியில் இருந்தது ஒரு குடும்பத்துப் பல் மருத்துவமனை. டாக்டர் முப்பதுகளின் கடைசியில் இருக்கும் தமிழ்ப்பெண். வரவேற்பு மேசையில் அவருடைய அண்ணி. இன்னொருவர் மலாய்க்கார உதவியாளர். டாக்டர் உட்பட எல்லாருக்கும் அவர் ‘காக்’, அதாவது அக்கா. நான் போனபோது அண்ணி ஃபோனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“வலிக்குதா அங்கிள்? வலிக்கலையா? அப்ப வாங்க லா. இல்ல அங்கிள், நான் வெளையாடல. வலிக்காதப்ப பாக்கத்தான் கூப்புடுறேன்.” ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “பத்து பேருக்கு ஃபோன் அடிச்சா ஒருத்தர் வருவாரு ண்ணே. மத்தவங்க எல்லாம் நான் நல்லாத்தானே இருக்கேன்னு கோவிச்சிக்குவாங்க.”

பல்லைக் காப்பாற்றுவதற்காக ஆள் தேடும் பல் மருத்துவமனையை அன்றுதான் பார்த்தேன். ஏதோ விற்கிறார்கள் என்றுகூட முதலில் சந்தேகப்பட்டேன்.

நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம் என்று அளக்கும் கம்பி. மூன்று மில்லிமீட்டர் வரை பயமில்லை, அதற்கு மேல் போனால் அடியில் எலும்பு கரைகிறது என்று அர்த்தம். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, காக் கணினியில் தட்டினார். டூ, த்ரீ, டூ. த்ரீ, டூ, த்ரீ. கண்ணை மூடிக்கொண்டேன். தாளம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. முன்பல்லுக்கு வந்ததும், “சிக்ஸ்.” காக்கின் விரல் ஒரு கணம் நின்று தட்டியது. அந்த இடைவெளி எனக்குக் கேட்டது.

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. நிச்சயமில்லாத ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு அலைவதை விட ஒரேயடியாக முடித்துவிடுவது மேல் என்று தோன்றியது.

“புடுங்கிடுங்க டாக்டர். பொய்ப்பல்லு வெச்சிக்கிறேன்.”

“என்ன அங்கிள் அவசரம்? புடுங்குறது சின்ன வேலை, எப்ப வேணும்னாலும் செய்யலாம். புடுங்குனதத் திருப்பி நடத்தான் எனக்குத் தெரியாது.” கையுறையைக் கழற்றினார். “மூணு மாசம் குடுங்க. ஈறுக்குக் கீழ நாங்க சுத்தம் பண்றோம். வீட்டுல நீங்க பண்ணணும். ஈறு பிடிச்சிக்கிச்சுன்னா பல்லு நிக்கும். இல்லன்னா நானே எடுத்துடுறேன், பொய் சொல்ல மாட்டேன்.”

காக் ஒரு பிளாஸ்டிக் தாடையை மடியில் வைத்துக்கொண்டு பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். மலாயும் தமிழும் கலந்த பேச்சு; நான் அவருக்கு ‘பாங்’, அதாவது அண்ணன். “மெதுவா, பாங். பெலான் பெலான். நீ குவாலிச் சட்டி களுவுற மாதிரி தேய்க்கிற.” வட்டம் வட்டமாக, ஈறோரமாக, பூனையைத் தடவுவது போல. பல் இடுக்குக்கென்று குப்பி கழுவும் தூரிகையின் குழந்தை போல ஒன்றையும் தந்தார். ஐம்பது வயதில் ஒருவர் நமக்குப் பல் விளக்கச் சொல்லித்தருகிறார் என்றால் கூச்சமாக இருக்காதா? எனக்கு இருந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். கடைவாய், பின்வரிசை, உள்பக்கம். ஆடும் பல்லருகே போனதும் தொட்டியில் நுரை சிவந்தது. தூரிகையை எடுத்துவிட்டேன். இரத்தம் வரும் இடத்தைச் சீண்டாதே, உப்புத் தண்ணீர் கொப்பளி, ஆறட்டும்: எனக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் அதுதான் வைத்தியம். மறுநாளும் அந்த இடத்தை விட்டேன். சாலையில் குழி இருந்தால் வளைத்து ஓட்டுவோமே, அப்படி.

அடுத்த முறைக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை. மதியம் எனக்குக் கல்யாணம் இருந்ததால் சீக்கிரமே போய்விட்டேன். கதவு பூட்டவில்லை. உள்ளே பெண்களின் சிரிப்பு. எட்டிப் பார்த்தால், கைகழுவும் தொட்டியின் கண்ணாடி முன்னால் டாக்டர், அண்ணி, காக் மூவரும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். மூன்று பேருக்கும் பல்லெல்லாம் ரோஸ். உதடும் ரோஸ்.

“ஐயோ, அண்ணே வந்துட்டாரு!” அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் பொத்தவில்லை. அந்த ரோஸ் வாயோடே சொன்னார்: “வாங்க அங்கிள். இது எங்க சனிக்கிழமை பூசை.”

மென்றால் அழுக்கு உள்ள இடத்தில் மட்டும் சாயம் ஒட்டிக்கொள்ளும் மாத்திரையாம் அது. வாரம் ஒருமுறை கதவு திறக்கும் முன் மூவரும் மென்று, ஒருவர் வாயை ஒருவர் பார்ப்பார்களாம். யாருக்குச் சாயம் அதிகமோ அவர் அன்றைக்கு எல்லாருக்கும் கரிபாப் பலகாரம் வாங்கிவர வேண்டும். காக் சிறிய விளக்கோடு டாக்டரின் வாய்க்குள் குனிந்தார்.

“டாக்டர், சினி லாகி! இங்க மறுபடி! போன வாரமும் இங்கதான்!”

“தெரியும் காக். எடது பக்கம் எனக்குக் கை வளைய மாட்டேங்குது.”

“பேசன்டுக்கு மட்டும் நல்லா பேசுறாங்க,” என்றார் அண்ணி என்னிடம். “இன்னிக்கும் டாக்டர் கரிபாப்தான். பத்து மணிக்கு மேல வந்திருந்தா ஒங்களுக்கும் ஒண்ணு கெடச்சிருக்கும்.”

பல்லைப் பற்றி எல்லாம் தெரிந்தவரின் பல்லில் ரோஸ் திட்டு. அவர் அதைக் கண்ணாடியில் பார்த்துப் பெருமூச்சு விட்டு, தூரிகையை எடுத்து அங்கேயே தேய்க்க ஆரம்பித்தார். என்ன சொல்ல, அந்த நிமிடத்தில் எனக்குள் இருந்த கூச்சம் கட்டவிழ்ந்தது. காக் ஒரு மாத்திரையை நீட்டினார். வாங்கி மென்றேன். துப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன்.

வாய் முழுக்க ஓரளவு வெள்ளை. ஆடும் பல்லைச் சுற்றி மட்டும் கருஞ்சிவப்பாக ஒரு வேலி.

“அந்த எடத்த ஏன் விட்டுட்டீங்க?” டாக்டர் கேட்டார்.

“ரத்தம் வந்துச்சு டாக்டர். அதான்… ஆறட்டும்னு.”

யாரும் சிரிக்கவில்லை. “எங்க அப்பாவும் அப்படித்தான் விட்டாரு,” என்றார் அண்ணி.

டாக்டர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். “அங்கிள், அது புண்ணு ரத்தம் இல்ல. அங்க அழுக்கு கெடக்குதுன்னு ஈறு சொல்லுற மொற. விட்டா இன்னும் வரும். தேய்ச்சா, மொதல்ல வரும், அப்புறம் நிக்கும். பயமா இருக்கா?”

“இருக்கு.”

“இருக்கட்டும். இங்கயே ஒரு தடவ தேய்ங்க. நாங்க நிக்கிறோம்.”

மூன்று பெண்கள் சுற்றி நிற்க, நான் தேய்த்தேன். வந்தது. காக் தோளைத் தட்டினார். “பாகுஸ், பாங். நல்லா இருக்கு.”

உதட்டில் ஒட்டிய மாத்திரைச் சாயம் முழுதாகப் போகவில்லை. அன்று மதியம் மண்டபத்தில் மணப்பெண்ணின் சித்தி மேடையருகே வந்து, “என்னண்ணே, மாப்பிள்ளைக்குப் போட்டியா லிப்ஸ்டிக் போட்டுருக்கீங்க?” என்றார். முதல் வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன், மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி.

அதன் பிறகான நாட்கள் எனக்கு மேடை இல்லாத மேடை. காலையும் மாலையும் குளியலறைக் கண்ணாடி, சிவந்த நுரை, சந்தேகம். கொல்லுகிறேனா, காப்பாற்றுகிறேனா? சில நாள் கோபம் வந்தது, தூரிகையை எறியலாம் போல. எறியவில்லை. நுரை ரோஸ் ஆனது. ரோஸும் வெளுத்தது. ஒரு காலை துப்பிவிட்டுக் குழாயைத் திறக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் வெள்ளை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எச்சியக் காட்டவா கூப்டீங்க?” என்றாள். ஆனால் குனிந்து பார்த்தாள்.

மூன்றாம் மாதம். நாற்காலி சாய்ந்தது. டூ, டூ, த்ரீ. முன்பல் வந்தது. டாக்டர் அளந்தார், மறுபடி அளந்தார்.

“ஃபோர்.”

“அம்பாட்?” என்று மலாயில் கேட்டார் காக், நம்பாதவர் போல.

“அம்பாட்.”

நான்கு என்ற எண் அவ்வளவு இனிமையாக எந்த மொழியிலும் என் காதில் விழுந்ததில்லை. டாக்டர் பல்லை இரண்டு விரலால் மெல்ல அசைத்தார். “இன்னும் கொஞ்சம் ஆடுது. மறைக்க மாட்டேன். ஆனா முன்ன மாதிரி இல்ல. இத நான் எடுக்கப் போறதில்ல, அங்கிள்.”

“எப்பவுமேயா டாக்டர்?”

“அத நான் எப்படிச் சொல்ல? தெனம் காலையில நீங்கதான் சொல்லணும்.”

வெளியே வந்து மேசையருகே நின்றேன். அண்ணி நான் அடுத்து வரவேண்டிய நாளைக் குறித்தார், மூன்று மாதம் தள்ளி.

“அந்த மாசம் முகூர்த்தம் நெறைய இருக்கும்மா. வர முடியுமோ என்னமோ.”

“எல்லாக் கல்யாணத்துக்கும் போங்க, நல்லா பேசுங்க,” என்றார் அவர், தலை நிமிராமலே. “ஆனா இங்க வரப்ப மட்டும் பல்லோட வாங்க ண்ணே.”