அரபு எண்களில் ஒரு தேதி

குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு, போன மாதம்தான் அக்கா எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினாள்.

இன்று அவளை இரத்தினபுரியில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். சூப்பர் மார்க்கெட்டைவிட அங்கே பால்மா டின் பாதி விலை. மூன்று மாதமாக என் மகளுக்கு அதைத்தான் வாங்குகிறேன்.

அக்கா டின்னைக் கவிழ்த்து, அடியிலிருந்த அரபு எண்களைப் படித்தாள்.

“தங்கச்சி, இதோட தேதி போன வருசமே முடிஞ்சிருச்சு.”

கடைக்காரரிடம் சிங்களத்தில் சொன்னாள். “அது செஞ்ச தேதி” என்றார் அவர், நிமிராமலே.

“இல்லீங்க, ரெண்டு தேதியும் இருக்கு. இதப் பாத்துத்தான் குவைத்துல நான் வேல செஞ்ச வீட்டுப் புள்ளைக்குப் பால் கலக்குவேன்.”

பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் டின்னுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா கூப்பிட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சப் பால்மாவைக் கொட்டினேன். மகள் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கிறாள். நான்தான் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மலிவாக வாங்கத் தெரிந்தவள் என்று என்னை நம்பி அந்தக் கடைக்குப் போனவர்கள் இந்த ஆன்லைன் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். டின்னின் அடியைப் படமெடுத்துப் போடுங்கள், அக்கா படித்துச் சொல்வாள். என்னைத் திட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.