மைன்ஸ் ரோட்டில் கழன்ற செயின்

இந்த முறை விஜயதசமி சனிக்கிழமையில் வந்தது. காலை ஏழு மணிக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிள்களில் கிளம்பினோம். முன்னால் என் கணவர் முரளி, நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் வண்டியில். பின்னால் நான், என் பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டியில். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இரண்டு வண்டியின் டேங்கிலும் அப்படியே இருந்தன.

இது வெறும் ஊர்சுற்றல் இல்லை. வீட்டுக்கு இரண்டாவது கார் வரப்போகிறது. கராஜில் இனி ஒரு மோட்டார் சைக்கிளுக்குத்தான் இடம். எதை விற்பது என்று ஒரு மாதமாக இழுபறி. கடைசியில் முரளிதான் யோசனை சொன்னார்: லிவர்மோர் போய், மைன்ஸ் ரோடு வழியாக மவுண்ட் ஹாமில்டன் ஏறி, மில்பிடாஸ் பக்கம் இறங்கி வீடு திரும்புவது.

"வழியில எது மக்கர் பண்ணுதோ, அத வித்துடலாம். டீல்?"

"டீலுங்க," என்றேன். ஜம்பத்துக்குக் குறைச்சலே இல்லை.

நைல்ஸ் கேன்யன் வழியாக லிவர்மோர் சுமார் இருபத்தைந்து மைல். அங்கே பெட்ரோலும் காபியும் போட்டுக்கொண்டோம். அதற்கப்புறம் ஐம்பது மைலுக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. காபிக் கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றிருந்தன. மற்றவர்கள் வண்டியைப் பார்த்தால் என்ன ஸ்பீடு போகும் என்று யோசிப்பார்கள். வீட்டிலேயே ரிப்பேர் பார்த்துப் பழகிய எனக்கு, எத்தனை ஸ்குரூ கழற்றினால் பிளக் கண்ணில் படும் என்றுதான் யோசனை ஓடும். என் வண்டியில் ஒன்றும் கழற்ற வேண்டாம், பிளக் வெளியிலேயே நிற்கும். ஆயில் மாற்ற அரை மணி நேரம் போதும். முரளியின் வண்டிக்கோ பிளாஸ்டிக் உடுப்பை உரித்து, டேங்கைத் தூக்கினால்தான் தரிசனம். செயினுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டி ஒன்றும் அங்கே நின்றது. ஆயிலும் வேண்டாம், அழுக்கும் இல்லை. ஆனால் அறுந்தால் பின்பக்கத்தையே பிரிக்க வேண்டும்.

மைன்ஸ் ரோடு பெயருக்குத்தான் ரோடு. பல இடங்களில் ஒரு கார் போகும் அகலம்தான். இருபக்கமும் வெயிலில் காய்ந்து பழுப்பேறிய புல்லும் ஓக் மரங்களும். ஒரு வளைவில் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று சாவகாசமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. நின்று வழிவிட்டோம். அடுத்த மேடு தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் என் வண்டியின் பின்னால் கடகடவென்று சத்தம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. செயின் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

செயின் தளர்ந்திருப்பது எனக்குத் தெரியும். முந்தின நாளே பார்த்துவிட்டேன். ஆனால் அப்போது ஸ்பேனரெல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாதே.

முரளி திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "டூல் கிட் எடு, ரெண்டு பேரும் சேந்து மாட்டிடலாம்."

சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். காலி. "ஏங்க, அது இன்னும் பூஜைலயேதான் இருக்குதுங்க!"

அவருடைய கிட்டில் நான்கு ஆலன் சாவிகளும் ஒரு சின்ன ஸ்பேனரும் இருந்தன. பின்சக்கரத்தின் பெரிய நட்டுக்கு அது எந்த மூலைக்கு! சாலையோரம் உட்கார்ந்து, விளம்பரத்தில் என் வண்டியைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வைக்கோல் ஏற்றிய பிக்கப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும், பெயர் கேரல், பக்கத்தில்தான் பண்ணை. இறங்கியதும் டேங்கைப் பார்த்து முகம் மாறி, யாருக்கு அடிபட்டது, இரத்தமா என்று கேட்டார். இல்லை, குங்குமம், எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் கருவிகளுக்கு நன்றி சொல்லிப் பூஜை செய்வோம் என்றேன்.

"நல்ல பழக்கம். அந்தக் கருவிகள் எங்கே?" என்று கேட்டார்.

"வீட்டில், சாமிக்கு முன்னால்."

கேரல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பிக்கப்பின் பெட்டியிலிருந்து, வாயை அகட்டிச் சுருக்கும் பெரிய ஸ்குரூ ஸ்பேனர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளினேன். முரளி செயினைப் பல்சக்கரத்தில் மாட்டினார். சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரு பக்கமும் கோடு பார்த்து நேராக்கி, நட்டை இறுக்கினேன். வண்டி கிளம்பிவிட்டது. கொடுக்க எங்களிடம் இருந்தது பூஜைப் பொரிதான். கேரல் ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பொட்டலத்தோடு வாங்கிக்கொண்டார்.

மவுண்ட் ஹாமில்டன் உச்சியில், வெள்ளைக் கோபுர வானாய்வகத்துக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தேன். சான் ஹோசே முழுக்கத் தெரிந்தது. ஈரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிய நாளில் நான் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை. தெருமுனையில் ஒர்க் ஷாப். விட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனால் சாயங்காலம் தயாராக இருக்கும். இங்கே கூலி கட்டுபடியாகாமல்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கஷ்டத்துக்கு இன்று நன்றி சொல்லத் தோன்றியது. கேரலுக்கும்தான். அந்த மலையில் அவர் வராவிட்டால் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மில்பிடாஸில் தோசை சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்கு வீடு வந்தோம். டீல் டீல்தான். பூஜை அறையிலிருந்து டூல் கிட்டை எடுத்துக்கொண்டு, வாங்குகிறவருக்காவது உதவட்டும் என்று கராஜுக்குப் போனேன். அங்கே முரளி குனிந்து தன் வண்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க? நின்னது என் வண்டிதானுங்களே?"

"நின்னுது. நாமளே மாட்டிக் கெளப்பிட்டோம். என்னுது நின்னிருந்தா ட்ரக் வரவழைச்சு ஏத்தியிருக்கணும்." அடுத்த போட்டோவுக்குப் போனைத் தூக்கியவர், "அந்தக் குங்குமத்தக் கொஞ்சம் தொடைச்சு விடேன். வாங்க வர்றவன் இரத்தம்னு பயந்துடப் போறான்," என்றார்.

நான் துடைக்கவில்லை. டூல் கிட்டை என் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவர் கையிலும் செயின் கிரீஸ் இன்னும் போயிருக்கவில்லை.