பந்தலுக்கு வாங்கிய இரும்புக் குழாய்

பூண்டுலோயாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொடித்தோடைப் பழக்கொடிக்குப் பந்தல் போட நினைத்தோம். மரக்கால் மழையில் உளுத்துவிடும், இரும்புக் குழாய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்.

"எவ்வளவு உயரம்னு நிறுத்திப் பாத்துட்டு வெட்டுவோம்" என்று என் கணவர் அந்த நீளக் குழாயை நிமிர்த்தினார். பனிமூட்டத்தில் அவர் தலைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஒரு காகம் கத்தியது. அந்த இடத்தில் மரமே இல்லையே, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? நான் கத்தினேன்.

"ஐயோ, கரண்டு கம்பிங்க! கீழ போடுங்க!"

குழாய் விழுந்தது. பனி விலகியபோது காகம் கம்பியில்தான் இருந்தது.

பிறகு அந்தக் குழாயைத் தொட மனம் வரவில்லை. மரக்கால்தான் நட்டோம். இப்போது அது உளுத்துவிட்டது. இன்னும் மாற்றவில்லையா என்று தினமும் அவரைத் திட்டுகிறேன். திட்டுவதற்கு அவர் இருக்கிறார்.