வெல்டர் எடுத்த தையல் வகுப்பு

குன்னூர்ப் பக்கம் எங்கள் தனியார் ஐ.டி.ஐ.யில் ஜெஸிந்தா தையல் ஆசிரியை. நான் எலக்ட்ரீஷியன் பிரிவு ஆசிரியர். ஜெஸிந்தா ஜெகதளாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மகள் கெஸியாவுக்கு எப்போது வலிப்பு வரும் என்று சொல்ல முடியாது. கணவர் மனுவேலுக்குத் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். அவர் வீடு திரும்பிய பிறகுதான் இவர் கிளம்ப முடியும். அதனால் தினமும் முதல் பீரியட் முடிந்து வர அனுமதி கேட்டார். முதல்வர் பாலமுருகன், சொத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டதுபோல யோசித்து, "கிளாஸ் சும்மா கெடக்கக் கூடாதுங்க" என்று ஒத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் பஸ் வராவிட்டால் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காருவது எங்களுக்குள் பழக்கம். அப்படித்தான் ஜெஸிந்தாவின் முதல் பீரியடை வெல்டிங் ஆசிரியர் டக்ளஸ் ஏற்றுக்கொண்டார். தங்கமான மனிதர். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் தங்கம்.

ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைக்குத் துணி வந்திருந்தது. ஜெஸிந்தா முந்தின நாளே போர்டில் அளவு எழுதிவிட்டுப் போயிருந்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் "வெட்டலாங்களா சார்?" என்று கேட்க, டக்ளஸ் ஸ்கேலை எடுத்துக்கொண்டார்.

"ஒரு நூல் பிசகக் கூடாது. என்ன அளவோ அதுதான்!"

இரும்பை ஓரத்தோடு ஓரம் வைத்துப் பற்றவைக்கிறவர் அவர். துணியில் பிடித்துத் தைக்க மார்ஜின் விட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஜெஸிந்தா வந்து சேர்வதற்குள் அத்தனை துணியும் வெட்டியாகிவிட்டது. தைத்தால் எந்தக் குழந்தைக்கும் நுழையாது.

சத்தம் கேட்டு நானும் போனேன். பின்னாலேயே வந்த முதல்வர், டக்ளஸை விட்டுவிட்டு ஜெஸிந்தாவைப் பிடித்துக்கொண்டார். "நாளையிலிருந்து மணி அடிக்கறப்ப இங்க இருக்கோணும். முடியாதுன்னா வேலைய விட்டு நின்னுக்கங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெஸிந்தாவோ எதிர்த்துப் பேசவே இல்லை. "ஊட்ல பிள்ளையத் தனியா விட முடியாதுங்க சார். நின்னுக்கறேன்" என்றார்.

டக்ளஸுக்கு முகம் செத்துப்போய்விட்டது. "தப்பு என்னுதுங்க சார். அவங்க போயிட்டா, வேற டீச்சர் கெடைக்கற வரைக்கும் நாள் பூராவும் நான்தானுங்க இந்த கிளாஸ எடுக்கோணும்" என்றார். மிரட்டவில்லை, நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னார்.

முதல்வர் மேசையில் கிடந்த துணிக் குவியலைப் பார்த்தார். டக்ளஸைப் பார்த்தார். மனிதருக்கும் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நீங்க எப்பவும் வர்ற பஸ்ஸுக்கே வாங்கம்மா. முதல் பீரியட் நான் உக்காந்துக்கறேன்."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை ஜெஸிந்தாவுக்கு அப்போதுதான் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழுவாதீங்கம்மா. சாயங்காலம் போறப்ப கத்திரியெல்லாம் பூட்டி வெச்சுட்டுப் போயிருங்க. எனக்கும் இந்த மார்ஜினெல்லாம் தெரியாது."