அவள் பங்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெயிலைத் தின்று வளர்ந்தவள் நான். தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூடுபனியைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே அதை மஞ்சு என்பார்கள். மத்தியானச் சோறு செரிப்பதற்குள் பள்ளத்திலிருந்து ஏறி வரும். முதலில் கீழே உள்ள மரங்களைக் காணோம், பிறகு பக்கத்துச் செடியைக் காணோம், கடைசியில் நீட்டிய கை மட்டும்தான் மிச்சம். எங்கள் ஊரில் பேய்கூட உச்சி வெயிலில் புளியமரத்தடியில் ஒழுங்காக ஓரிடத்தில் நிற்கும். இங்கே அது எங்கே நிற்கிறது என்று பார்த்து விலகிப் போகவும் வழியில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நான் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். தோட்டத்தார் வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு வேலை பார்ப்பவர்களுக்குத்தான். அவர் கட்டோடு படுத்தபடி கூரைத் தகரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பேசாம ஊருக்கே போயர்லாம் புள்ள."

"அங்க எந்த ஊடுங்க நமக்காகத் தொறந்து கெடக்குது? காட்டைப் பாகம் பிரிச்சப்பவே உங்க அண்ணனுங்க நம்மள ஒரு ஆளா நெனைக்கலீங்க. நான் வேலைக்குப் போறனுங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, சோளத்தட்டு அறுத்த கைக்குக் கொழுந்து கிள்ளத் தெரியாது. கங்காணி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். மாதம் முடிவதற்குள் எடை தேறாவிட்டால் என் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் வீடும் போகும்.

வீடு காலியானால் யாருக்கு என்பதும் லயத்துக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரம்மாவின் மகனுக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் மலையேறிய குடும்பம் அவர்களுடையது. மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள், தனி வீடு இல்லாமல் திண்டாடினார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. குழாயடியில் என் குடத்தைக் காலால் நகர்த்துவார். நான் எப்போது மூட்டை கட்டுவேன் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

முதல் நாள் காலை. கொழுந்தெடுக்கும் பெண்கள் எந்த மலைக்குப் போனாலும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள், ஆளுக்கொரு நிரை. நடுவில் ஒரு நிரை ஆளில்லாமல் கிடந்தது. கங்காணி என்னை அதில் விட்டார். நான் முதல் பிடியைக் கிள்ளிக் கூடையில் போட்டேன். சுற்றிலும் கைகள் நின்றுபோயின.

"ஏளா, அவ பங்கையா கூடையில போட்ட?" என்றாள் கீழ் நிரைக்காரி.

அப்புறம்தான் சொன்னார்கள். முன்பு அந்த நிரையில் நின்ற பிள்ளை மேலே மரம் முறிந்து விழுந்து செத்துப்போனாளாம். அன்றிலிருந்து எல்லோரும் முதல் பிடியை முதல் செடியின் தூரில் போடுவார்கள். அவள் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், பங்கு மட்டும் உண்டு.

"நீ நிக்கது அவ எடம். கேட்டு வருவா, பாத்துக்க."

அன்று மத்தியானம் மஞ்சு ஏறியது. பேச்சுச் சத்தம் அடங்கி, கொழுந்து ஒடியும் சத்தம் மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. கூடை முதுகில், அதன் கயிறு உச்சந்தலையில். முதுகுக்குப் பின்னால் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கயிறு சொன்னது. நான் ஒன்றும் போடாத நேரத்தில் தலை மெல்லப் பின்னுக்கு இழுபட்டது. கூடையில் என்னவோ விழுந்திருந்தது.

திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு கிள்ளினேன். மாலையில் எடைத் தட்டில் முள் நான் பயந்ததைவிட மேலே நின்றது. கேட்டு வருவாள் என்றார்கள், இவள் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்று என் பயம் இன்னும் கூடியது. கொடுக்கிற பேய் எதைக் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதன்பிறகு மஞ்சு ஏறிய நாளெல்லாம் அப்படித்தான். பின்னால் ஓர் ஈர மூச்சு, தலையில் ஓர் இழுப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னால் ஊருக்குப் போகலாம் என்பார், அதனால் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் பக்கத்து வீட்டுக்காரம்மா எடையில் திட்டு வாங்கியதுதான். "என்னம்மா, கை தளந்து போச்சா? புதுசா வந்தது ஒங்கள முந்திரும் போலருக்கே" என்று கங்காணி கேட்டபோது எனக்குப் பாயசம் குடித்தது போல் இருந்தது.

மாதக் கடைசி வந்தது. மஞ்சு அன்றைக்குச் சோற்று நேரத்துக்கு முன்பே ஏறிவிட்டது. மேலே செடி உரசியது. மூச்சுக் கேட்டது. ஓடினால் வீடு போகும், நின்றால் உயிர் போகும் என்று மனம் அடித்துக்கொண்டது. எனக்கு வீடுதான் பெரிதாகப் பட்டது. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை. தலை இழுபட்டதும் கையைப் பின்னால் வீசி, அகப்பட்டதைப் பிடித்தேன்.

மணிக்கட்டு. சில்லென்று, நனைந்து, எலும்பாக. ஆனால் விரலில் கிழிந்த துணி சுற்றியிருந்தது, கொழுந்துக்காரிகள் வெடிப்புக்குச் சுற்றுகிற துணி.

"விடுளா. கங்காணி காதுல விழுந்துரப் போவுது" என்றது மேல் நிரையில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரம்மாவின் குரல்.

பிடித்த கையை நான் விடவில்லை. "நீங்களாங்கம்மா? உங்க பையனுக்கு அந்த ஊடு வேணுமல்லங்க?"

"வேணுந்தான். அதுக்கு, காலொடிஞ்சு கெடக்கவன வெரட்டிட்டு எம்மவன அங்கன குடிவச்சா, அந்த வாசல நான் எந்த மொகத்தோட மிதிக்க?"

கையை விடுவித்துக்கொண்டார். முகம் தெரியவில்லை, மஞ்சுக்குள் குரல் மட்டும்தான்.

"செத்தவளுக்குன்னு எல்லாரும் போடுத கொழுந்து தூர்ல கெடந்து கருவுது. அதப் பொறுக்கித்தான் ஒங்கூடையில போட்டேன். பத்தாததுக்கு எங்கூடையிலருந்து."

"அந்தப் புள்ள கோவிச்சுக்க மாட்டாளுங்களா?"

"அவ எம்மவ" என்றார். "கோவிச்சா எங்கிட்டல்லா கோவிப்பா."

நான் அழுதுவிட்டேன். முதல் நாளிலிருந்து அவர் என் கூடையை நிரப்பியதையும் எனக்காகத் திட்டு வாங்கியதையும் சொல்லி அழுதேன்.

"மொத நாளா?" கொழுந்து ஒடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "அன்னைக்கு நான் வேலைக்கே வரலியே. பொண்ணு பாக்கப் போயிருந்தேன்."

அவர் தன் நிரைக்கு ஏறிப் போனார். நானும் அதைத் துருவவில்லை.

என் பெயர் நிலைத்தது, வீடும் நிலைத்தது. அவர் மகன் அந்தச் சின்ன வீட்டிலேயே சேலையைத் திரையாகக் கட்டிக் குடித்தனம் தொடங்கினான். குழாயடியில் அந்த அம்மா என் குடத்தைப் பழையபடி காலால்தான் நகர்த்தினார், என் முறை வந்ததும் குழாய்க்கு நேராக.

அடுத்த மழைக்குள் அவருக்கு உண்மையாகவே கை தளர்ந்துவிட்டது. ஒரு நாள் மலையின் மறுபக்கத்திலிருந்து தொடங்கியதால் வரிசை தலைகீழாகி நான் மேல் நிரையிலும் அவர் கீழேயும் நின்றோம். மஞ்சு ஏறியது. இரண்டு கையும் கொள்ளும் அளவு கொழுந்தை அள்ளிக் குனிந்து அவர் கூடையில் வைத்தேன்.

அவர் தலை பின்னுக்கு இழுபட்டு நின்றது. திரும்பாமலே கேட்டார்.

"யாரது?"

"உங்க மகதானுங்கம்மா" என்றேன்.

அவர் கூடைக் கயிற்றை உச்சந்தலையில் சரிசெய்துகொண்டார். பிறகு கொழுந்து ஒடியும் சத்தம் மறுபடி கேட்டது.